மணிலாச் சால்வையும் என் அரைகுறை ஸ்பானிஷும்

மகள் ஒரு ஸ்பானியரைக் கலியாணம் செய்யப்போகிறாள் என்று முடிவான மாதமே நான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் அதன் தேவை விளங்கவில்லை. மருமகனாக வரப்போகிறவர் பத்து வருடமாக லண்டனில் இருக்கிறார், அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் திறம். பிறகெதற்கு உனக்கு இந்த வயதில் இன்னொரு மொழி என்று கணவர் கேட்டார்.

நான் படிக்க நினைத்தது மருமகனுக்காக அல்ல. செவில் நகரத்தில் தனியாக இருக்கும் அவருடைய தாய்க்காக. அவர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஸ்பானிய இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகன். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும் என்று மகள் சொன்னாள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மொழி தெரியாமல், சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மற்றவர்களின் மேசைகளில் இருந்திருக்கிறேன். கன்னம் வலிக்கும். அப்படியொரு சிரிப்போடு என் சம்பந்தி என் வீட்டு மேசையில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

வகுப்பு லண்டன் ஹரோவில், புதன்கிழமைகளில் பின்னேரம் ஆறு மணிக்கு. மருந்துக் கடையில் வேலை முடிந்து நேரே போய்விடுவேன். வகுப்பில் இருந்த பலர் விடுமுறைக்காகப் படித்தவர்கள். குடும்பத்துக்காகப் படித்தது இரண்டே பேர். நான் ஒருத்தி. மற்றவர் என் பக்கத்துக் கதிரையில் இருந்த சீனப் பெண். குவாங்சோவுக்குப் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான், இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவருடைய அண்ணன் மத்ரித்தில் கடை வைத்திருக்கிறார். அண்ணனின் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஸ்பானிஷ் மட்டும்தான் வரும். மாமி என்று வாய்நிறையக் கூப்பிடுகிறார்கள், அதற்குப் பிறகு தன்னிடம் பேச அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் ஒன்றாகத்தான் இருப்போம்.

இரண்டாம் தவணையில் ஒரு நாள், ஆசிரியை ஒரு பழைய ஸ்பானியக் கதையிலிருந்து ஒரு பக்கத்தை எளிமையாக்கிக் கொண்டுவந்தார். ஒரு பெண் யன்னலருகே நிற்கிறாள். கதாசிரியர் அவள் முகத்தைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தார். மிச்சப் பக்கம் முழுக்க அவள் தோளில் போட்டிருந்த பட்டுச் சால்வையைப் பற்றியே. ஆசிரியை அந்தச் சால்வையின் படத்தையும் திரையில் காட்டினார். உடம்பெல்லாம் பூவேலை, கரையெல்லாம் முழ நீளக் குஞ்சம். அதன் பெயர் மணிலாச் சால்வை என்றும், ஸ்பெயின் என்றால் நினைவுக்கு வரும் பொருள் இதுதான் என்றும், இது இல்லாமல் அங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை என்றும் சொன்னார்.

பக்கத்தில் இருந்த என் சிநேகிதி கையை உயர்த்தினார். அது எங்கள் ஊர்த் தையல் என்றார்.

ஆசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சரிதான், அதைத்தான் அடுத்ததாகச் சொல்ல வந்தேன் என்றார். பட்டு சீனாவில் நெய்தது, பூவேலை கன்டோன், அதாவது இன்றைய குவாங்சோ பக்கத்தில் செய்தது. அப்போது ஸ்பெயின் ஆண்ட மணிலாவில் கப்பலேற்றி, பசிபிக் கடல் தாண்டி மெக்சிக்கோவில் இறக்கி, கழுதைகளில் ஏற்றி அடுத்த கரைக்குக் கொண்டுபோய், மறுபடி கப்பலில் ஸ்பெயினுக்கு. மணிலா அதை ஏற்றிவிட்டதே தவிரச் செய்யவில்லை, ஆனால் பெயர் மணிலாவுக்குப் போய்விட்டது. அங்கே போன பிறகு ஸ்பானியப் பெண்கள் குஞ்சத்தை நீட்டினார்கள், பூவேலையில் சீனக் கோபுரங்களையும் பாலங்களையும் குறைத்துத் தங்களுடைய ரோசாப் பூக்களைக் கேட்டு வாங்கினார்கள். நூறு, இருநூறு வருடத்தில் அது அவர்களுடையதாகிவிட்டது.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த நாள் வேலையில் எங்கள் பார்மசிஸ்டிடம் சொன்னேன். அவர் விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை. "ஆமா ஆன்ட்டி, நீங்க கச்சான்னு சொல்றத நாங்க மணிலாக் கொட்டைன்னுதான் சொல்வோம்" என்றார். அந்த நிலக்கடலையும் அதே கப்பல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு தெரிந்து வைத்திருந்ததுதான் பிறகு வினையாகிவிட்டது.

சம்பந்தி வசந்த காலத்தில் லண்டனுக்கு வந்தார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மகனுடைய பிளாட்டில் தங்கியிருந்தார். ஞாயிறு மத்தியானம் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் விருந்து. இல்ஃபோர்டிலிருந்து அக்காவும் வந்திருந்தா. எனக்குத் தாய் இல்லை. கலியாண விஷயங்களில் எது சரி, எது சரியில்லை என்று சொல்வது அக்காதான்.

முதல் இரண்டு மணித்தியாலமும் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. சம்பந்தி மெலிந்த உயரமான மனிசி, நரைத்த மயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். என் ஸ்பானிஷைப் பொறுமையாகக் கேட்டார். மீன் ரோல்ஸை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாயசம் முடிந்தபின், தான் கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்து, எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். பிறகு எங்கள் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை அவள் கையில் விரித்தார்.

மணிலாச் சால்வை. கன்னங்கரேல் என்று கறுப்பு.

அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பூக்கள், சோடி சோடியாக வண்ணத்துப்பூச்சிகள். எனக்கு அவ்வளவும் கண்ணில் படுமுன்னமே அக்காவின் குரல் காதில் விழுந்தது.

"உது கறுப்பெல்லே? கலியாணத்துக்கு ஆரும் கறுப்புக் குடுப்பினமோ?"

அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சம்பந்திக்குச் சொற்கள் விளங்கியிராது. ஆனால் அக்காவின் முகம் விளங்கியிருக்கும். எதையாவது நல்லதாகச் சொல்லி அதை மறக்கடிக்க வேண்டும் என்று எனக்குப் பதற்றம் வந்தது. சால்வையின் ஒரு மூலையில் சின்னப் பாலமும், அதன்மேல் மூன்று சின்ன மனிதர்களும் இருந்தார்கள். முகங்கள் நகத்தளவில், தந்தத்தில் செய்து ஒட்டியவை. சீன முகங்கள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. வகுப்பில் படித்ததைக் காட்ட இதைவிட வேறு தருணம் வருமா?

"எஸ் தெ லொஸ் சீனோஸ், வெர்தாத்?" என்றேன். சீனர்களுடையது, அப்படித்தானே என்று கேட்டதாகத்தான் என் நினைப்பு.

சம்பந்தியின் முகம் விழுந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலையிடி என்று மகனிடம் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். சால்வை மட்டும் மேசையில் கிடந்தது.

அடுத்த மூன்று நாளும் எப்படிப் போனது என்று கேட்கக்கூடாது. மகளிடம் கேட்டால், "அம்மா, ஷி இஸ் ஜஸ்ட் டயர்ட், விடுங்கோ" என்றாள். ஆனால் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. மருமகனாக வரப்போகும் அந்தப் பிள்ளையும் வழக்கம்போல் வீட்டுக்கு வரவில்லை. திங்கட்கிழமை அக்கா போன் எடுத்து, மனிசிக்கு மனம் நோகாமல் அந்தச் சால்வையைத் திருப்பிக் குடுத்துவிடு என்றா. மனம் நோகாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவ சொல்லவில்லை. நான் அக்காவின் மீதுதான் கோபமாக இருந்தேன். கறுப்பென்று முகத்தைச் சுழித்ததில்தான் சம்பந்திக்குக் கோபம், என் வாயிலிருந்து நல்ல வார்த்தைதான் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வகுப்பு இடைவேளையில் என் சிநேகிதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, நீ என்ன சொன்னாய், அதே சொற்களைத் திருப்பிச் சொல் என்றார். சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மத்ரித்தில் தன் அண்ணனின் கடைக்கு அழகான பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்றார். ஸ்பெயினில் அந்த மாதிரிக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், சீனர் கடை. வாளி, செருப்பு, பிளாஸ்டிக் பூ, போன் கவர். நான் சொன்ன அந்த நாலு சொல்லுக்கும் அங்கே பேச்சுவழக்கில் ஒரே அர்த்தம்தான்: மலிவுக் கடையில் வாங்கியது.

ஒருவர் தன் குடும்பத்துக் கூறைச்சேலை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். நான் அதைப் பார்த்து, பவுண்ட் கடையில் வாங்கினதோ என்று கேட்டிருக்கிறேன். அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டு.

இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சொல்லின் அர்த்தத்தை என் சிநேகிதியைக் கொண்டே சொல்ல வைத்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அண்ணனுக்கு ஆரம்பத்தில் அது வலித்தது, இப்போது அவரே போனை எடுத்தால் 'சீனோ பேசுறன்' என்பார் என்றார். தனக்கு இன்னும் பழகவில்லை என்றும் சொன்னார். பிறகு, வா, அந்தச் சால்வையைப் பார்ப்போம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்ச வகுப்பை இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் அவர் முதலில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சால்வையைத் தொட்டார். அதைப் புரட்டிக் காட்டினார். பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தையல், ஒரு முடிச்சுக்கூடக் கண்ணில் படவில்லை. நான் ரோசா என்று நினைத்த பூக்கள் ரோசா இல்லை, பியோனி, தங்கள் பக்கம் செல்வத்துக்கும் மரியாதைக்கும் அதைத்தான் தைப்பார்கள் என்றார். வண்ணத்துப்பூச்சிச் சோடி மணமக்களுக்கு. கலியாண வீட்டுக்கு ஏற்ற சால்வைதான் என்றார்.

"ஆனால் கறுப்பு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் ஊர்ப்பக்கத்தில் அந்தக் காலத்து மணமகளுக்குப் பாவாடைதான் சிவப்பு, மேற்சட்டை கறுப்புப் பட்டு என்றார். அதில் எவ்வளவு பூவேலை இருக்கிறதோ அவ்வளவு பெருமையாம்.

என் கணவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு தேநீர் ஊற்றினார். "உதைக் கொக்காவிட்ட ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். அக்காவிடம் இதைச் சொல்லப்போவது யார் என்று எனக்கும் தெரியவில்லை.

போகும்முன் என் வகுப்புக் கொப்பியில் சிநேகிதி மூன்று வசனம் எழுதித் தந்தார். அடுத்த நாள் வியாழன் எனக்கு லீவு. யாரிடமும் சொல்லாமல், ஒரு பெட்டி மீன் ரோல்ஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சால்வையை எடுத்துப் போகவில்லை. கையில் அதைக் கண்டால் திருப்பித்தர வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவார். ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறி, நடுவில் மாறி, பார்க்கிங் போய்ச் சேரும்வரை அந்த மூன்று வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்தவர் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கதவைத் திறந்தவர் சம்பந்திதான். மகன் வேலைக்குப் போயிருந்தார். என்னைக் கண்டதும் திகைத்தார், பிறகு உள்ளே கூப்பிட்டுக் கோப்பி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே கொப்பியைத் திறந்து வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வார்த்தை பிழை. சீனத்துக் கைவேலை என்று புகழத்தான் நினைத்தேன். அந்தக் கடைகளைப் பற்றி எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இரண்டாம் வசனத்தில் ஒரு வினைச்சொல்லின் முடிவைப் பிழையாக வாசித்தேன் போலிருக்கிறது. அவர் தன்னை அறியாமல் அதைத் திருத்தினார். முப்பது வருடப் பழக்கம். திருத்தியபின்தான் நான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

உள்ளே போய் நாலாக மடித்த தாள்களைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில், கையால், நாலு பக்கம். இரண்டு மாதமாக எழுதிப் பாடமாக்கியதாம். அந்தச் சால்வை எங்கே பிறந்தது, எந்தக் கடலைத் தாண்டியது, தன் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று விருந்து முடிவில் எழுந்து நின்று சொல்ல இருந்தாராம். அதற்குத்தான் அந்தத் தொண்டைச் செருமல். முதலில் விரித்துக் காட்டிவிட்டுப் பேச நினைத்தார். அக்காவின் முகத்தைக் கண்டதும் முதல் வரி மறந்துவிட்டது. என் கேள்வியைக் கேட்டதும் மிச்சமும் போய்விட்டது.

"மலிவுப் பொருளைக் கொண்டுவந்தேன் என்று நினைத்துவிட்டீர்கள், இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு ஆங்கிலச் சொல்கூட வரவில்லை. முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசினவள் நான்" என்றார். கோபம் இல்லையாம், வெட்கம். எங்களுக்கு ஒன்றும் சொல்லாதே என்று மகனைத் தடுத்து வைத்திருந்ததும் அவர்தான்.

அப்போதுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன். ஆறிப்போன கோப்பியை ஒரே மூச்சில் குடித்தேன்.

பிறகு அக்காவின் முகத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. துரதிர்ஷ்டம் என்பதற்கு எனக்கு ஸ்பானிஷில் சொல் தெரியாது, கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டினேன். அவர் போனைத் தேடி எடுத்து ஒரு பழைய படத்தைக் காட்டினார். கலியாணப் படம். அவருடைய தாய், கழுத்திலிருந்து கால்வரை கறுப்புப் பட்டில், தலையில் வெள்ளைப் பூவோடு. தங்கள் கிராமத்தில் அப்போதெல்லாம் மணமகளுக்குக் கறுப்புதான் என்றார். நான் என் சிநேகிதி சொன்ன கறுப்பு மேற்சட்டையைப் பற்றிச் சொன்னேன். கன்டோனிலுமா, கன்டோனிலுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, பேனையை எடுத்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னார். அந்த மாதிரி, தந்த முகம் வைத்த சால்வைக்கு அவர்களிடம் தனிப்பெயரே இருக்கிறதாம். 'மந்தோன் தெ சீனோஸ்'. சீன உருவங்கள் உள்ள சால்வை. நான் நடுவில் அந்த 'லொஸ்' என்ற ஒரு சின்னச் சொல்லைப் போடாமல் விட்டிருந்தால், பெயர் தெரிந்த மனிசி என்று என்னைக் கட்டிப்பிடித்திருப்பாராம்.

அந்த நாலு பக்கத்தையும் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினார். சால்வையோடு நிற்கவில்லை அது. ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதன்முதலில் போன சீனப் புத்தகம் ஸ்பானிஷுக்குத்தான் போனது, மணிலாவில் இருந்த ஒரு பாதிரியார் அங்கிருந்த சீனர்களின் உதவியோடு மொழிபெயர்த்தார் என்று எழுதியிருந்தார். பிறகு எத்தனையோ காலம் கழித்து, சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்த ஸ்பானியக் கவிஞர்கள் தங்கள் வரிகளைச் சுருக்கியதைப் பற்றியும், விசிறியும் சால்வையும் வராத பழைய நாவலைத் தேடிப்பிடிப்பது கடினம் என்றும். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மணி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். நான் பார்க்கவில்லை. பாதி விளங்கவில்லை, ஆனாலும் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு மகன் வந்து கதவைத் திறந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ரோல்ஸ் பெட்டியை நடுவில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். உடனே மகளுக்கு மெசேஜ் அனுப்பினார். ஒரு நிமிடத்தில் என் போன் அடித்தது. மகள் "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அங்கே நின்று கொஞ்சம் அழுதேன்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி மறுபடி வந்தார், இந்தத் தரம் பேச்சைப் பேசியே முடித்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. கறுப்புப் பட்டு மணமகளின் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, நெடுநேரம் பார்த்தா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"இவையின்ர சீவியம் நல்லா இருந்ததோ எண்டு கேள்."

மகள் கேட்டாள். சம்பந்தி யோசித்துச் சொன்னார்: ஐம்பது வருடத்துக்கு மேல். நாள்தோறும் சண்டை. ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் சாப்பிட்டதில்லை.

"ஓம், அப்ப பிழையில்லை" என்றா அக்கா. "தாலி கட்டேக்க வேண்டாம். பின்னேரம் ரிசெப்ஷனுக்குப் போடட்டும்."

அப்படியே நடந்தது. கோடையில் ஒரு மண்டபத்தில் கலியாணம். காலையில் கூறைச்சேலை, பின்னேரம் சிவப்புச் சேலைக்கு மேல் அந்தச் சால்வை. குஞ்சம் சோற்றில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான், வேறு யாரையும் கிட்ட விடவில்லை. என் சிநேகிதியையும் அழைத்திருந்தேன். அவரைச் சம்பந்தியின் பக்கத்தில் இருத்தினேன். இரண்டு பேரும் சாப்பாடு ஆறும்வரை கதைத்தார்கள், ஸ்பானிஷில். அண்ணன் பிள்ளைகளைப் பற்றித்தான் இருக்கும், இடையில் போனில் படங்கள் காட்டியதைக் கண்டேன்.

பேச்சுகள் முடிந்து ஆட்டம் தொடங்கியபோது, மண்டபத்தின் ஒரு மூலையில் வெறும் கதிரை ஒன்று கிடைத்தது. அன்று முழுக்க முதல் தரம் உட்கார்ந்தேன். எதையாவது மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவரும் என்னைத் தேடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பரிமாறிக்கொண்டு போனவரிடம் பால் போடாத ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.